பரிசே இல்லாத ஹேக்கத்தான்: கடலூரில் கிறிஸ்துமஸ் லீவில் இரண்டு நாள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்து, கிறிஸ்துமஸ் முடிந்த சனி, ஞாயிறு இரண்டு நாளும் நடத்திய நன்கொடை ஹேக்கத்தானைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஹேக்கத்தான் என்றால் பலர் ஓரிடத்தில் கூடி, குறித்த நேரத்துக்குள் கணினி நிரல் எழுதும் நிகழ்ச்சி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அடுத்த வருஷம் நடத்தினால் தாராளமாகப் போங்கள், காலேஜ் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கட்டாயம் அனுப்புங்கள், பணமாகக் கொடுக்க நினைப்பவர்களும் தயங்க வேண்டாம். குறை இருக்கிறது. அதையும் எழுதுகிறேன், நடத்தியவர்களிடம் நேரிலும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். ஆனால் வேலை பார்த்த கம்பெனிகளிலும், நடுவராகக் கூப்பிட்டுப் போன காலேஜ்களிலும் நான் பார்த்த ஹேக்கத்தான்கள் எதிலும் இவ்வளவு வேலை முழுசாக முடிந்து, மறுநாளே ஒருவர் அதை எடுத்துப் பயன்படுத்தத் தொடங்கியதைப் பார்த்ததில்லை.

முறை இப்படி. கலந்துகொள்ள ஆளுக்கு 200 ரூபாய், சாப்பாட்டுச் செலவு போக மிச்சம், கிராமத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பு மையங்கள் நடத்தும் ஒரு அறக்கட்டளைக்கு. பெரிய பணம் வேறு வழியில் வருகிறது. கடைக்காரர்கள், வெளியூரில் வேலை பார்க்கும் கடலூர்க்காரர்கள், ஒன்றிரண்டு டாக்டர்கள் என்று நன்கொடை தருகிறவர்கள் முன்கூட்டியே “முடிந்த ஒவ்வொரு வேலைக்கும் என் பங்கு இவ்வளவு” என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். ஒருவர் வேலைக்குப் பத்து ரூபாய், இன்னொருவர் ஐம்பது, மேலே போனால் இதற்கு மேல் என்னால் முடியாது என்று ஒரு வரம்பும் போட்டுக்கொள்ளலாம். சின்ன வேலைக்கு ஒரு புள்ளி, பெரிய வேலைக்கு மூன்று புள்ளி. மண்டபத்துச் சுவரில் வெள்ளைச் சார்ட் ஒட்டி, ஒரு வேலை முடிந்ததும் ஒருவர் எழுந்து போய் மார்க்கரால் கோடு போடுகிறார். சாயங்காலம் அந்தக் கோடுகளை எண்ணினால் எவ்வளவு பணம் சேர்ந்தது என்று எல்லோருக்கும் தெரியும். வெளிநாட்டில் மாரத்தான் ஓடுகிறவர்களுக்காக இப்படித்தான் தெரிந்தவர்கள் பணம் ஒத்துக்கொள்வார்கள், இங்கே ஓட்டத்துக்குப் பதிலாக நிரல்.

பரிசு கிடையாது. முதல் பரிசு, இரண்டாம் பரிசு, ஆறுதல் பரிசு எதுவும் இல்லை. என்னுடன் வந்த அக்கா மகள், இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம், போகும் வழியிலேயே “சித்தி, சர்டிபிகேட்டாவது உண்டா?” என்று கேட்டாள். கேட்டவர்களுக்கு மட்டும் பிடிஎஃப் ஆக மெயிலில் அனுப்பினார்கள். இதைக் குறையாக எழுதவில்லை, இந்த நிகழ்ச்சியின் உயிரே இந்த முடிவில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

ஏன் என்று சொல்கிறேன். வழக்கமான காலேஜ் ஹேக்கத்தானில் என்ன நடக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். 24 மணி நேரம், 36 மணி நேரம் என்று தூங்காமல் உட்கார்ந்து, யாரும் கேட்காத ஒரு புது ஆப்பைத் தொடங்கி, பாதி வேலை செய்யாத திரையை ஸ்லைடில் அழகாகக் காட்டி, நடுவர் முன்னால் ஐந்து நிமிஷம் பேசினால் போதும். நன்றாகப் பேசுகிற அணி ஜெயிக்கும், ஃப்ளெக்ஸில் அடித்த பெரிய செக்கோடு போட்டோ எடுத்துக்கொள்வார்கள், பொங்கலுக்குள் அந்த நிரல் எங்கே கிடக்கிறது என்று எழுதியவர்களே மறந்திருப்பார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது, பரிசு எதற்குக் கொடுக்கிறோமோ அதைத்தான் அவர்கள் செய்வார்கள். ஹேக்கத்தான் என்ற பேரில் 1999 ஜூன் மாதம் கனடாவின் கால்கரி நகரத்தில் ஓப்பன்பிஎஸ்டி என்ற கணினி இயங்குதளத்தை உருவாக்குகிறவர்கள் பத்துப் பேர் கூடினார்களே, அங்கே பரிசா இருந்தது? தகவலை அடுத்தவர் படிக்க முடியாதபடி மாற்றும் மறையாக்க நிரலை வெளிநாட்டுக்கு அனுப்புவதில் அன்றைக்கு அமெரிக்காவில் சட்டச் சிக்கல் இருந்தது, அதனால் எல்லை தாண்டி ஒரே அறையில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலையைச் செய்தார்கள். செய்து முடிக்க ஒரு வேலை இருந்ததால் கூடினார்கள். மஞ்சக்குப்பத்திலும் அதைத்தான் பார்த்தேன்.

சரி, வேலைக்கு இவ்வளவு என்று எண்ணிக் காசு கொடுத்தால் எண்ணிக்கையைக் கூட்டுவதற்காகக் குப்பை வராதா? வரும். 2020-ல் ஹேக்டோபர்ஃபெஸ்டில் வந்ததே. டிஜிட்டல் ஓஷன் நிறுவனம் 2014 முதல் அக்டோபர் மாதத்தில் நடத்தும் அந்த நிகழ்ச்சியில் பொதுவில் இருக்கும் மென்பொருள் திட்டங்களுக்கு நான்கு புல் ரிக்வெஸ்ட், அதாவது ‘நிரலில் இந்த மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்ற கோரிக்கை, கொடுத்தால் டி-ஷர்ட் என்று இருந்தது. அதற்காக ஊரில் உள்ள திட்டங்களில் எல்லாம் ஒரு வார்த்தையைச் சேர்ப்பது, ஒரு புள்ளியை மாற்றுவது என்று ஆயிரக்கணக்கில் அனுப்பி, திட்டத்தை நடத்துகிறவர்களை வெறுக்க வைத்துவிட்டார்கள். பெரும்பாலும் நம் நாட்டு மாணவர்களைத்தான் எல்லோரும் கை காட்டினார்கள், அது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது. அப்புறம்தான் விருப்பம் தெரிவித்த திட்டங்கள் மட்டுமே கணக்கில் வரும், அவர்கள் ஏற்றுக்கொண்டால்தான் புள்ளி என்று விதியை மாற்றினார்கள். கடலூர்க் குழு அந்தப் பாடத்தை ஒழுங்காகப் படித்திருக்கிறது. இங்கே ஒரு வேலைக்கு இரண்டு ஆள் சரி சொல்ல வேண்டும். ஒருவர் நிரலைப் படித்துப் பார்க்கும் அனுபவசாலி. இன்னொருவர் அதைப் பயன்படுத்தப் போகிறவர். இரண்டாவது ஆள் தலையாட்டாமல் சுவரில் கோடு விழாது.

அந்த இரண்டாவது ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பணம் போய்ச் சேருவது தென்பெண்ணைக் கரையோரக் கிராமங்களில் பிள்ளைகளுக்கு மாலைநேரப் படிப்பு மையங்கள் நடத்தும் ஒரு சின்ன அறக்கட்டளைக்கு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது, புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, இதெல்லாம் இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதற்குப் பின்னால் சாத்தனூர் அணையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிட்ட தண்ணீர் ஆற்றோடு கடலூருக்கு வந்தபோது, மழை நின்றுவிட்டது என்று நிம்மதியாக இருந்த ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தது. மையங்களில் இருந்த புத்தகம், நோட்டு, வருகைப் பதிவேடு எல்லாம் கூழாகிப் போனதாகச் சொன்னார்கள். புத்தகத்தை மறுபடி வாங்கிவிடலாம். எந்தப் பிள்ளை எதுவரை படித்திருக்கிறது, யாருக்கு எழுத்துக்கூட்டத் தெரியவில்லை என்று டீச்சர்கள் வருஷக் கணக்கில் எழுதி வைத்திருந்த ஏட்டை எங்கே போய் வாங்குவது?

அதனால் அவர்கள் கேட்டது ஆப் இல்லை. ஒரு பட்டியல் எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள், நாற்பது பக்க நோட்டில் நீல மையில். வருகைப் பதிவு, நோட்டுப் புத்தக இருப்பு, நன்கொடை ரசீது தமிழில், புத்தகங்களின் பட்டியல், மழை எச்சரிக்கை வந்தால் பெற்றோருக்கு அனுப்பப் பிள்ளைகளின் போன் எண்களை ஊர்வாரியாக எடுக்கும் வசதி. ஒவ்வொன்றையும் நடத்துகிறவர்கள் முன்னாலேயே சின்னச் சின்ன வேலையாக உடைத்து, தமிழில் நான்கு வரி விளக்கம் எழுதி வைத்திருந்தார்கள். இந்த முன்வேலைக்கே எத்தனை ராத்திரி உட்கார்ந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும், ஆபீஸில் சம்பளம் வாங்கிக்கொண்டு இதைச் செய்கிறவர்களே இவ்வளவு சுத்தமாகச் செய்வதில்லை.

மண்டபத்தின் நடுவில் ஒரு மேஜை. அங்கே மையத்தை நடத்தும் டீச்சர் ஒருவர், ஐம்பது வயதைத் தாண்டியவர், தன் பழைய ஆண்ட்ராய்டு போனோடு இரண்டு நாளும் உட்கார்ந்திருந்தார். எந்த அணி எதை முடித்தாலும் அந்தப் போனில் ஓட வேண்டும், அவர் கையால் ஓட வேண்டும். பக்கத்தில் நின்று “மேடம், அதை அழுத்துங்க” என்று சொல்லக் கூடாது, அதுதான் விதி. முதல் நாள் மதியம் ஒரு பசங்க அணி வருகைப் பதிவைக் கொண்டுபோய்க் காட்டினார்கள். கலர் கலராக வரைபடம், மாத வாரியாக சதவீதம், பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது. டீச்சர் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார். “நல்லா இருக்குது தம்பி. மழை அன்னிக்கு டவர் போயிடும், அப்போ இது என்ன பண்ணும்?” பையன்களிடம் பதில் இல்லை. அந்த நேரத்தில் அவர்கள் முகம் வாடியது உண்மை, ஆனால் ஒருவன்கூட வாதாடவில்லை. போய் உட்கார்ந்து, வரைபடத்தை எல்லாம் எடுத்து எறிந்துவிட்டு, போனிலேயே சேமித்து வைத்து நெட் வந்ததும் அனுப்புகிற மாதிரி மாற்றிக்கொண்டு மறுநாள் காலை வந்தார்கள். டீச்சர் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, இருபது பிள்ளைகளுக்கு டிக் அடித்து, மறுபடி நெட்டைப் போட்டுப் பார்த்தார். வந்துவிட்டது. “இது போதும்பா எனக்கு” என்றார். மண்டபமே கை தட்டியது.

பரிசுக்காக நடந்திருந்தால் அந்த வரைபடம்தான் ஜெயித்திருக்கும். இதை நான் உறுதியாகச் சொல்கிறேன், ஏனென்றால் நடுவர் நாற்காலியில் உட்கார்ந்து அதுபோல வரைபடங்களுக்கு மதிப்பெண் போடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

என் அக்கா மகள் எடுத்தது ஒரு புள்ளி வேலை. “பெயர் வரிசை தப்பாக வருகிறது.” அவ்வளவுதான் விளக்கம். கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் தமிழில் நிரல் எழுதுகிற எல்லோரும் ஒருநாள் முட்டிக்கொள்கிற சுவர் இது. எல்லா மொழி எழுத்துக்கும் கணினியில் ஓர் எண் கொடுக்கும் முறையான யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கு எண் கொடுத்த வரிசை வேறு, நாம் பள்ளிக்கூடத்தில் படித்த வரிசை வேறு. அங்கே ந-வுக்கு அடுத்தே ன, ர-வுக்கு அடுத்தே ற, ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில் ஜ. அப்படியே வரிசைப்படுத்தினால் வள்ளிக்கு முன்னால் வனிதா வந்துவிடுவாள், கண்ணனுக்கு முன்னால் கணேசன் நிற்பான், ஜெயா போய் தமிழ்ச்செல்விக்கு முன்னால் உட்கார்ந்துகொள்வாள். டீச்சர் ஏட்டைப் பார்த்துப் பழகியவர், பெயரைத் தேடித் தேடி அவருக்கு நேரம் போகிறது. அவள் முதலில் எழுத்து எழுத்தாக ஓர் அட்டவணை போட்டு எழுத ஆரம்பித்தாள். மேற்பார்க்க வந்த ஒரு அண்ணன், அவள் எழுதிக்கொண்டிருந்த நிரல் மொழியான ஜாவாஸ்கிரிப்டிலேயே ஒப்பிடும்போது மொழி தமிழ் என்று சொல்லி வரிசை கேட்கலாமே என்று காட்டிக்கொடுத்தார். ஒரு வரி. சோதித்துப் பார்த்தாள், வள்ளி முன்னால் வந்துவிட்டாள்.

அதோடு விட்டாளா, அடுத்து பெயர் நீளம். பெயர்க் கட்டத்தில் 15 எழுத்துக்கு மேல் கூடாது என்று யாரோ வரம்பு வைத்திருந்தார்கள். மீனாட்சிசுந்தரம் என்ற பெயரை எண்ணிப் பாருங்கள், ஒன்பது எழுத்துதான். கணினிக்கு அது பதினாறு, ஏனென்றால் கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. அதனால் கடைசிப் புள்ளி உதிர்ந்து ‘மீனாட்சிசுந்தரம’ என்று நின்றது. ஒரு பிள்ளையின் பெயரைச் சரியாக எழுதுவது சின்ன வேலையா பெரிய வேலையா என்று எனக்குத் தெரியாது, ஒரு புள்ளிதான் கொடுத்தார்கள். இந்த இரண்டு நாளில் அவள் கற்றுக்கொண்டதை அவளுடைய இரண்டு செமஸ்டர் பாடத்தில் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

தமிழ் ரசீது வேலைதான் பாதியில் நின்றுவிட்டது. பிடிஎஃப் உண்டாக்க அந்த அணி எடுத்துக்கொண்ட ஆயத்த நிரல் தொகுப்பு எழுத்துகளை வாங்கின வரிசையிலேயே அடுக்கி வைக்கிற ரகம். கோவிந்தராஜ் என்று அடித்தால் இரட்டைக்கொம்பு இடம் மாறிக் கிடக்கும், சில இடத்தில் வட்டமாகப் புள்ளிகள் வரும். எழுத்தைச் சேர்த்து வடிவம் கொடுக்கிற வேலையை ஹார்ஃப்பஸ் மாதிரி ஒரு மென்பொருள் செய்ய வேண்டும், அது குரோம், ஃபயர்ஃபாக்ஸ் போன்ற உலாவிகளில் உள்ளேயே இருக்கிறது. கடைசியில் ரசீதை வலைப்பக்கமாகக் காட்டி அங்கிருந்து பிரிண்ட் கொடுத்து பிடிஎஃப் ஆகச் சேமிப்பது என்று ஒரு வழி பிடித்தார்கள். ஒவ்வொன்றாக எடுக்கலாம், நூறு ரசீதை ஒரே தட்டில் எடுக்க முடியாது. முழுப் புள்ளி கொடுக்கவில்லை, வேலை திறந்தே இருக்கிறது. இது தெரிந்தவர்கள் இதைப் படித்தால் கைகொடுங்கள்.

நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கும் ஒரு மூலை ஒதுக்கியிருந்தார்கள், எனக்கு அதுவும் மிகவும் பிடித்தது. யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஆற்றோரக் கிராமங்களை வரைவது. செயற்கைக்கோள் படத்தின் மேல் வீடுகளையும் சந்துகளையும் வரைந்து, தெருவுக்குத் தமிழில் பெயர் போட வேண்டும். அந்தக் கிராமங்களிலிருந்தே வந்த பெண் பிள்ளைகள் சிலர் அங்கே இருந்தார்கள். “அக்கா, இது தெரு இல்ல, வாய்க்கா. கோடையில நடந்து போவோம், மழைக்குத் தண்ணி ஓடும்” என்று அவர்களில் ஒருத்தி சொன்னதை எந்தச் செயற்கைக்கோள் படமும் சொல்லாது. எந்தப் பள்ளிக்கூடம் மேட்டில் இருக்கிறது, எந்தக் கோயில் மண்டபத்தில் ஆட்கள் ஒதுங்குவார்கள் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். வரைந்ததை இன்னொருவர் சரிபார்த்த பிறகுதான் கோடு. இந்த வரைபடத்தைப் போனில் இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலே பார்க்கலாம், ஆர்கானிக் மேப்ஸ் போன்ற ஆப்கள் இதே தரவில்தான் ஓடுகின்றன. ஆனால் ஒன்று, இந்த மூலையை மண்டபத்தின் கடைசியில், சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழியில் போட்டது சரியில்லை. வருகிறவர் போகிறவர் எல்லாம் இடித்துக்கொண்டு போனார்கள்.

பெண்களுக்கு எப்படி என்று கேட்பீர்கள். நல்ல பதில் சொல்ல முடிகிறது. ராத்திரி தங்கல் கிடையாது, காலை ஒன்பதுக்குத் தொடங்கி மாலை ஆறரைக்கு மண்டபத்தைப் பூட்டினார்கள். விடிய விடிய உட்கார்ந்தால்தான் ஹேக்கத்தான் என்று நினைக்கிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம், ஆனால் இந்த ஒரு காரணத்தால்தான் கூட்டத்தில் பாதிக்குப் பாதி பெண் பிள்ளைகள் இருந்தார்கள் என்று நினைக்கிறேன். என் அக்காவே ராத்திரி தங்க வேண்டும் என்றால் அனுப்பியிருக்க மாட்டார். கழிப்பறை சுத்தமாக இருந்தது, பெண்களுக்குத் தனி, தாழ்ப்பாள் சரியாக விழுந்தது, உள்ளே ஒரு பெட்டியில் நாப்கினும் வைத்திருந்தார்கள். யார் யோசித்தார்களோ, அவர்களுக்கு நன்றி.

சாப்பாடு எளிமை. சாம்பார் சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு, இரண்டாம் நாள் வெஜ் பிரியாணி. டீ நாலு மணிக்கு நல்ல சூடாக, சமோசாவோடு. போதும்.

நெட் விஷயத்துக்கு வருகிறேன். மண்டபத்து வைஃபை முதல் நாள் பத்து மணிக்கே மூச்சுத் திணறியது, எல்லோரும் ஒரே நேரத்தில் நிரல் முழுவதையும் அதற்குத் தேவையான துணை நிரல்களையும் இறக்கினால் எந்த இணைப்புதான் தாங்கும். இதை எதிர்பார்த்து ஒரு லேப்டாப்பில் எல்லாவற்றுக்கும் நகல் வைத்திருந்தார்கள், அறைக்குள்ளேயே அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். நல்ல யோசனை, ஆனால் அப்படி ஒன்று இருப்பதை மைக்கில் அறிவிக்கவே மதியம் ஆகிவிட்டது. அதுவரை பிள்ளைகள் தங்கள் சொந்த டேட்டாவை எரித்தார்கள். வாசலிலேயே ஒரு தாளில் அந்த முகவரியை ஒட்டியிருக்கலாம். கரண்ட் ஒருமுறை போனது, ஜெனரேட்டர் உடனே வந்தது.

பெரிய குறை கடைசி நாள் மதியம். நாலு மணிக்குள் சரிபார்த்து முடிந்தவைதான் கணக்கில் வரும் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு மணியிலிருந்து எல்லோரும் தங்கள் வேலையைக் கொண்டுவந்து குவிக்க, நிரலைப் படிக்க அனுபவசாலிகள் ஒரு கை விரலில் எண்ணிவிடும் அளவில்தான் இருந்தார்கள். வரிசை நீண்டது, டீச்சர் மேஜையிலும் கூட்டம். முடித்த வேலை பார்க்கப்படாமலே நேரம் முடிந்துவிடுமோ என்று இரண்டு பிள்ளைகள் அழுகிற நிலைக்கு வந்துவிட்டார்கள். கடைசியில் நடத்துகிறவர்கள் கூடிப் பேசி, நாலு மணிக்குள் கொடுத்துவிட்டால் போதும், சரிபார்ப்பது அந்த வாரத்துக்குள் நடக்கும், நன்கொடையாளர்களிடமும் கேட்டுவிட்டோம் என்று அறிவித்தார்கள். அது சரியான முடிவு, அதை முதல் நாள் காலையிலேயே எடுத்திருக்க வேண்டும். அடுத்த முறை எங்களைப் போல சில வருஷம் வேலை பார்த்தவர்கள் நிரல் எழுதுவதை விட்டுவிட்டுப் படிக்க மட்டும் உட்கார வேண்டும். விழுப்புரத்தில் விஜிலக், புதுவையில் எஃப்எஸ்எச்எம் என்று கட்டற்ற மென்பொருளுக்காக வேலை செய்கிறவர்கள் இந்தப் பக்கத்திலேயே இருக்கிறார்கள், முன்கூட்டியே கேட்டால் வரக்கூடியவர்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை அனுமதித்தார்கள். அதற்கு ஒரு நிபந்தனை, கொடுக்கிற நிரலில் எந்த வரியைக் காட்டிக் கேட்டாலும் அது ஏன் இருக்கிறது என்று தமிழிலோ ஆங்கிலத்திலோ சொல்லத் தெரிய வேண்டும். சொல்லத் தெரியாமல் திரும்பிப் போனவர்கள் இருந்தார்கள். அவமானப்படுத்தவில்லை, “படிச்சிட்டு வாங்க, வெயிட் பண்றோம்” என்றுதான் அனுப்பினார்கள். பிளஸ் டூ மாணவர்கள் சிலர் வந்திருந்தார்கள், அவர்களைத்தான் சரியாகக் கவனிக்கவில்லை. அவர்களுக்கு ஏற்ற வேலை பட்டியலில் இல்லாமல் பெரிய அணிகளின் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரையாண்டு லீவில் ஆசையோடு வந்த பிள்ளைகள், அடுத்த வருஷம் அவர்களுக்கென்று ஒருவரை ஒதுக்க வேண்டும்.

இனி பணம். இந்த மாதிரி நிகழ்ச்சிகளில் எனக்கு எப்போதும் சந்தேகம் வரும் இடம் இதுதான். இங்கே நடத்துகிற குழுவின் கைக்குப் பணம் வரவே இல்லை. மேஜையில் வைத்திருந்த க்யூஆர் அட்டை அறக்கட்டளையின் பெயரில், நம் போனில் ஸ்கேன் செய்தால் அந்தப் பெயரே வருகிறது, யாருடைய தனிப்பட்ட பெயரும் வருவதில்லை. கோடுகளின் கணக்கு சுவரில், நன்கொடையாளர் ஒத்துக்கொண்ட தொகை பக்கத்துச் சார்ட்டில், பெயர் வேண்டாம் என்றவர்களுக்கு எண் மட்டும். மண்டப வாடகை, சாப்பாடு, ஜெனரேட்டர் டீசல் எல்லாவற்றுக்கும் பில்லை ஒட்டியிருந்தார்கள். வருமான வரியில் கழித்துக்கொள்ள 80ஜி ரசீதும் கொடுத்தார்கள். வரிவிலக்கு வேண்டும் என்றால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், அது கணக்கில் வராது, வங்கி வழியாகவோ யுபிஐ வழியாகவோ கொடுங்கள், பான் எண்ணும் தர வேண்டும். புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு இந்தக் கழிவு கிடையாது, அதையும் அட்டையிலேயே எழுதி வைத்திருந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

சேர்ந்த மொத்தம் லட்சத்தைத் தொடவில்லை. பெரிய கம்பெனி ஒன்று ஒரே செக்கில் இதைவிட அதிகம் கொடுத்துவிடலாம் என்று பக்கத்தில் இருந்த ஒருவர் சொன்னார். கொடுக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது. ஆனால் திருப்பாதிரிப்புலியூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஒருவர், வேலைக்கு ஐந்து ரூபாய் என்று ஒத்துக்கொண்டவர், ஞாயிறு சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு வந்து சுவர்க் கோடுகளை ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு, “இதுல எது பெருசு, எது சின்னது?” என்று கேட்டு, ஒரு பையனை நிறுத்தி அவன் செய்ததை விளக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். தன் பணம் எதில் போனது என்று கொடுத்தவருக்குத் தெரிந்தது, தன் வேலைக்கு யார் காசு கொடுத்தார் என்று அந்தப் பையனுக்கும் தெரிந்தது. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இப்படி முகம் பார்த்துக்கொண்ட நன்கொடையை நான் அதிகம் கண்டதில்லை.

சொல்ல மறந்தது, சனிக்கிழமை காலை தொடக்கத்தில் மேடைப் பேச்சு, பொன்னாடை, குத்துவிளக்கு எதுவும் இல்லை. முந்தின நாள் டிசம்பர் 26. ஒவ்வொரு வருஷமும் தேவனாம்பட்டினத்தில் கடலில் பால் ஊற்றுகிற நாள், வந்திருந்தவர்களில் சிலருக்கு 2004 சுனாமியில் உறவுகள் போயிருந்தன. எல்லோரும் எழுந்து ஒரு நிமிஷம் அமைதியாக நின்றார்கள், உடனே வேலைப் பட்டியலைத் திரையில் போட்டுவிட்டார்கள்.

எழுதிய நிரல் எல்லாம், யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் விடும் ஜிபிஎல் உரிமத்தில் பொதுவில் இருக்கிறது. அதை இனி யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் எனக்கு மிச்சமிருக்கும் கவலை. மூன்று பேர் பொறுப்பு எடுத்திருக்கிறார்கள், மூவருமே கடைசி வருஷ மாணவர்கள், ஜூனில் வேலைக்கு என்று சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விடுவார்கள். கடலூரிலோ புதுவையிலோ நிலையாக இருக்கும் ஒருவராவது அந்தக் குழுவில் சேர வேண்டும், மாதத்தில் ஒரு ஞாயிறு டீச்சரோடு உட்கார்ந்து என்ன ஓடுகிறது, என்ன நின்றுவிட்டது என்று பார்த்தால் போதும். நான் பெயர் கொடுத்திருக்கிறேன், இன்னும் இரண்டு மூன்று பேர் வந்தால் நன்றாக இருக்கும்.

போக நினைப்பவர்களுக்கு: புதுச்சேரியிலிருந்து வந்தால் அரியாங்குப்பம், தவளக்குப்பம், கன்னியக்கோயில் வழியாகக் கடலூர் பஸ் அடிக்கடி உண்டு, மஞ்சக்குப்பத்திலேயே இறங்கிக்கொள்ளலாம். லேப்டாப்பில் தேவையானதை வீட்டிலேயே நிறுவிக்கொண்டு வாருங்கள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று எடுத்து வாருங்கள், மண்டபத்தில் ப்ளக் பாயின்ட் போதாது. லேப்டாப் இல்லாத பிள்ளைகளுக்குச் சில கணினிகள் வைத்திருந்தார்கள், அதற்கு முன்பதிவில் சொல்லிவிட வேண்டும். தமிழ் தட்டச்சு தெரிந்தவர்கள் நிரல் தெரியாவிட்டாலும் வரலாம், அவர்களுக்குத்தான் அங்கே கிராக்கி அதிகம்.